சேலை விளம்பரம் எழுதும் ஏஐ செயலியைக் கடைக்காரர்கள் ஏன் கைவிட்டார்கள்?

கேள்வி:

என் ஊர் சேலம் அருகே இளம்பிள்ளை. அப்பா சேலை மொத்த வியாபாரம் செய்கிறார். நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சேலைக்கடைகளுக்காக ஒரு செயலி செய்திருக்கிறேன். சேலையின் பெயரையும் விலையையும் கொடுத்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் பதிவு, ரீசெல்லர் (எங்களிடம் வாங்கி மறுபடி விற்பவர்கள்) குரூப்புக்கான செய்தி என்று பத்து விதமாக ஏஐ தமிழில் எழுதித் தரும். தெரிந்த கடைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தேன். முதலில் "பிரமாதம்" என்றார்கள். இரண்டே வாரத்தில் திறப்பதையே நிறுத்திவிட்டார்கள். கேட்டால் "எல்லாம் ஒரே மாதிரி இருக்குப்பா" என்கிறார்கள். விலை உயர்ந்த ஏஐ மாடலுக்கு மாறலாமா? தமிழுக்கென்று தனியாக ஒரு மாடலைப் பயிற்றுவிக்கலாமா? மொத்தமாக வாட்ஸ்அப் அனுப்பும் வசதியும் கேட்கிறார்கள். ஒருவர் கூகுள் ரிவியூவும் எழுதித் தரச் சொல்கிறார். மாதம் என்ன கட்டணம் வைப்பது? செயலி எழுதிய மூன்று மாதிரிகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மாடலை மாற்ற வேண்டாம். தனியாகப் பயிற்றுவிக்கவும் வேண்டாம். கோளாறு எழுதுவதற்கு முந்தைய படியில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மாதிரிகளைப் படித்தேன். மூன்றில் இரண்டு "பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும்" என்று தொடங்குகின்றன. இன்னொன்று "உங்கள் அழகுக்கு மேலும் அழகு சேர்க்கும்" என்கிறது. இந்த வரிகளை எந்தச் சேலைக்கும் போடலாம், குத்துவிளக்குக்கும் போடலாம். செயலிக்குக் கிடைத்ததோ "சாஃப்ட் சில்க், 850 ரூபாய்" என்ற இரண்டே விவரம். அதை வைத்துக்கொண்டு அறுபது சொல் எழுதச் சொன்னால் மனிதனும் இப்படித்தான் எழுதுவான். பருப்பே போடாமல் பெருங்காயத்தை அள்ளிப் போட்ட சாம்பார் மாதிரி வாசனை தூக்கலாக இருக்கும், சாப்பிட ஒன்றும் இருக்காது. விளம்பர ஏஜென்சிகளில் இருபது வருடமாகப் பார்க்கிறேன்: பொருளைப் பற்றிய குறிப்பு (பிரீஃப்) ஒல்லியாக வந்தால் விளம்பர வாசகம் ஊதிப்போய் வரும்.

ஒரே மாதிரி இருப்பதைக்கூட மன்னிக்கலாம். என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் இரண்டாவது மாதிரி. அதில் "தூய பட்டில், கைத்தறி நெசவாளர்களின் கைவண்ணத்தில்" என்று இருக்கிறது. இளம்பிள்ளையில் 850 ரூபாய்க்கு விற்கும் சாஃப்ட் சில்க் தூய பட்டும் அல்ல, கைத்தறியும் அல்ல என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "சில்க்" என்ற சொல்லைப் பார்த்ததும் மாடல் பட்டு என்று எடுத்துக்கொண்டது. பட்டு என்றதும் கைத்தறி, நெசவாளர், பாரம்பரியம் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. எந்தப் பெரிய மாடலுக்குப் போனாலும் இந்தப் பழக்கம் முழுதாகப் போகாது. விடுபட்ட இடத்தை நிரப்புவதுதான் அதன் சுபாவம். இன்னும் நல்ல மாடல் இதையே இன்னும் நம்பும்படியாக எழுதும், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்?

அப்பாவின் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து, ரீசெல்லர்கள் போனில் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். என்ன நூல்? ஜரி டெஸ்டட் ஜரியா, வேறா? பிளவுஸ் பீஸ் உள்ளேயே இருக்கிறதா, தனியா? கான்ட்ராஸ்ட் பிளவுஸா? சாயம் போகுமா, வீட்டில் துவைக்கலாமா? முந்தானை ரிச் பல்லுவா? சிங்கிள் பீஸ் கிடைக்குமா, செட்டாகத்தான் எடுக்க வேண்டுமா? எத்தனை கலர் இருக்கிறது? ஷிப்பிங் தனியா? இதில் பாதிக்கு மேல் உங்கள் செயலி கடைக்காரரிடம் கேட்பதே இல்லை. இந்தப் பதில்கள் உள்ளே வந்துவிட்டால் அலங்காரமே இல்லாத நான்கு வரி போதும், சேலை நகரும்.

அப்படியானால் பன்னிரண்டு கட்டங்கள் உள்ள ஒரு படிவத்தை வைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், யாரும் நிரப்ப மாட்டார்கள். பண்டல் பிரிக்கிற நேரத்தில் ஒரு கையில் சேலை, ஒரு கையில் போன், வாசலில் பார்சல்காரர் நிற்பார். அந்த நேரத்தில் அவர்களால் முடிவது இரண்டு: போட்டோ எடுப்பது, பேசுவது. "புதுசா வந்த சாஃப்ட் சில்க், ஆறு கலர், பார்டர்ல மயில், பிளவுஸ் கான்ட்ராஸ்ட், எண்ணூத்தி அம்பது, சிங்கிள் தருவோம்" என்று வாய்ஸ் நோட்டில் சொல்ல இருபது நொடி ஆகாது. அந்தக் குரலை எழுத்தாக்கி, அதிலிருந்து விவரங்களைப் பிரித்து ஒரு விவரச் சீட்டாக வைப்பதுதான் ஏஐக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய முதல் வேலை. விளம்பரம் எழுதுவது இரண்டாவது வேலை.

விவரச் சீட்டைக் கடைக்காரரிடம் ஒரு முறை காட்டி "சரியா?" என்று கேளுங்கள். சொல்லாத விவரம் காலியாகவே இருக்கட்டும். காலி இடத்தை மாடல் நிரப்பக் கூடாது; ஒரு கேள்வியாகத் திருப்பி அனுப்பலாம், அதுவும் ஒன்றே ஒன்று. "பிளவுஸ் உண்டா?" என்று கேட்டால் பதில் வரும். ஐந்து கேள்வி கேட்டால் போனைப் பையில் போட்டுவிடுவார்கள்.

போட்டோவைப் பார்த்து மாடலே எழுதிவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். நிறம், பார்டரின் அகலம், கட்டமா கோடா என்பதெல்லாம் ஓரளவு தெரியும். நூல் தெரியாது. விசைத்தறியா கைத்தறியா என்பதும் போட்டோவில் தெரியாது. தெரிந்த மாதிரி மாடல் பேசும். ஆகவே துணி, தறி, ஊர் ஆகிய மூன்றையும் கடைக்காரர் வாயால் சொன்னால் மட்டுமே எழுதலாம் என்று கண்டிப்பாக வையுங்கள். மாடலுக்குத் தரும் கட்டளையில் (ப்ராம்ப்ட்) மட்டும் எழுதி வைத்தால் போதாது. எழுதி முடித்த செய்தியில் "தூய", "அசல்", "கைத்தறி", "காஞ்சிபுரம்", "பட்டு" போன்ற சொற்கள் வந்தால், விவரச் சீட்டில் அவை இருக்கின்றனவா என்று உங்கள் புரோகிராம் தனியாகச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் வெளியே விடக் கூடாது.

நிறத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. மாடல் "மெஜந்தா" என்று எழுதும். கடையில் அது ராணி பிங்க். மாடலுக்கு "அடர் நீலம்", வாடிக்கையாளருக்கு எம்எஸ் ப்ளூ. அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ, வெங்காயத்தோல் கலர் என்று கடைக்குக் கடை ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் இந்தச் சொல் பட்டியலைச் சேர்த்து வையுங்கள். சின்ன வேலைதான். ஆனால் "இது நம்ம கடை எழுதின மாதிரி இருக்கு" என்று அவர்கள் சொல்வது இதனால்தான். கடைக்காரர் போன வருடம் அனுப்பிய குரூப் செய்திகளில் முப்பது நாற்பதை வாங்கி மாதிரியாகக் கொடுத்தால் மீதி நடையும் வந்துவிடும். "புது சரக்கு இறங்கியிருக்கு, வேணுங்கறவங்க சீக்கிரம் சொல்லுங்க" என்று எழுதுகிற அண்ணனின் பெயரில் "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று செய்தி போனால் ரீசெல்லர்கள் போன் தொலைந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

பத்து வடிவம் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். பத்தைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவர்களே எழுதுவதைவிட அதிக வேலை. இரண்டு போதும்.

விலையையும் எண்களையும் மாடல் கையில் விடாதீர்கள். விலை, ஷிப்பிங், தள்ளுபடி, வரி எல்லாம் விவரச் சீட்டிலிருந்து நேராக உங்கள் புரோகிராம் கொண்டுவந்து பொருத்தட்டும். ஓர் உதாரணம்: சேலையோடு ரெடிமேட் சுடிதாரும் விற்கும் கடைகள் உண்டு. ரெடிமேட் ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு முன்பு 1,000 ரூபாய் வரை 5, மேலே 12. பழைய தரவில் பயின்ற மாடல் பழைய கணக்கைத் தயங்காமல் எழுதும், படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது.

இப்போது சட்டம். இதை நீட்ட எனக்கு விருப்பமில்லை, ஆனால் உங்கள் இரண்டாவது மாதிரியைப் பார்த்த பிறகு விட முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி வியாபாரிக்கும் விளம்பரதாரருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். தயாரிப்பாளராக இருந்தால் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். இளம்பிள்ளையில் பலர் சொந்தத் தறியும் வைத்து, கடையும் வைத்திருப்பவர்கள் என்பதை மறக்க வேண்டாம். தூய பட்டுக்குச் சில்க் மார்க் என்ற முத்திரை இருக்கிறது, கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் பட்டுகளும், கோவை கோரா காட்டனும், நெகமம் காட்டனும், செட்டிநாட்டுக் கண்டாங்கியும் புவிசார் குறியீடு பெற்றவை. இந்தப் பெயர்களை அழகுக்காகத் தூவ முடியாது.

"மெஷின் எழுதினது, எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? ஏர் கனடா விமான நிறுவனம் முயன்று பார்த்தது. பாட்டி இறந்ததால் அவசரமாகப் பயணம் செய்த ஒருவரிடம், துக்கப் பயணச் சலுகையைப் பின்னால்கூடக் கேட்டு வாங்கலாம் என்று அதன் சாட்பாட் (தளத்தில் தானாகப் பதில் சொல்லும் மென்பொருள்) தவறாகச் சொல்லிவிட்டது. பணம் கேட்டபோது, சாட்பாட் சொன்னதற்குச் சாட்பாட்தான் பொறுப்பு என்கிற ரீதியில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் தளத்தில் வருவது எதுவாக இருந்தாலும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, நஷ்டஈடு கொடுக்க வைத்தது. அது வெளிநாட்டுத் தீர்ப்பு, இங்கே அப்படியே செல்லாது. ஆனாலும் உங்கள் விஷயத்தில் நீதிமன்றம் வரை போகவே வேண்டியதில்லை. பட்டு என்று நம்பி வாங்கிய பெண்மணி ரீசெல்லரிடம் சண்டை போடுவார், ரீசெல்லர் கடையில் சண்டை போடுவார், கடைக்காரர் உங்கள் அப்பாவிடம் வருவார்.

செயலி நன்றாகப் போனால் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவரும் கேட்பார். அவருக்கு இப்போதைக்கு "முடியாது" என்று சொல்லுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டமே தடுக்கிறது. அந்தத் துறையில் இணையத்தில் கிடக்கும் எழுத்து முழுக்க அப்படிப்பட்ட வாக்குறுதிதான், மாடலும் அதைப் படித்துத்தான் வளர்ந்திருக்கிறது.

மாடல் செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் தமிழில் இது பெரிய தலைவலி. மாடல் எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கும், செலவும் அந்தக் கணக்கில்தான். நறுக்கும் வேலையைச் செய்த பழைய மென்பொருள்கள் ஒரு தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக்கியதால், ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு டோக்கன் செலவானது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய மாதிரி வாக்கியத்தில் தமிழுக்கு 116 டோக்கன் 35 ஆகக் குறைந்திருந்தது. குறுஞ்செய்தி அளவுக்கு எழுத, மலிவான மாடலே இன்று போதும். முதலில் நாற்பது சேலைகளை எடுத்து, விவரச் சீட்டோடு ஒரு சோதனைத் தொகுப்பாக வையுங்கள். ப்ராம்ப்டில் ஒரு சொல்லை மாற்றினாலும் நாற்பதையும் ஓட்டிப் பாருங்கள். சொல்லாத விவரம் எத்தனை இடத்தில் நுழைந்தது என்று எண்ணுங்கள். மலிவான மாடல் அதில் தேறினால் விலை உயர்ந்ததற்குப் போக ஒரு காரணமும் இல்லை.

தனி மாடல் பயிற்சி பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், பயிற்றுவிக்க உங்களிடம் தரவு இல்லை. அது சேர ஒரு வழி இருக்கிறது. செயலி எழுதியதைக் கடைக்காரர் எப்படித் திருத்தி அனுப்பினார் என்பதை, அவர் அனுமதியோடு, பதிந்து வையுங்கள். எந்தச் சொல்லை அடித்தார், எதைச் சேர்த்தார் என்ற அந்தப் பதிவு வேறு எவரிடமும் இருக்காது.

அது ஏன் முக்கியம் என்றால், ஜாஸ்பர் என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பாருங்கள். உங்கள் யோசனையைத்தான், விளம்பர எழுத்தை ஏஐ மூலம் தருவதைத்தான், 2021இல் தொடங்கியது. 2022 அக்டோபரில் 150 கோடி டாலர் மதிப்பீட்டில் 12.5 கோடி டாலர் முதலீடு திரட்டியது. அடுத்த மாதம் 30ஆம் தேதி சாட்ஜிபிடி இலவசமாக வெளியே வந்தது. 2023 ஜூலையில் ஜாஸ்பர் ஆட்குறைப்பு செய்தது. நிறுவனம் மூடிப்போகவில்லை, பெரிய கம்பெனிகளின் மார்க்கெட்டிங் துறைகளை நோக்கித் திரும்பி இன்றும் நடக்கிறது. ஆனால் வெறுமனே எழுதித் தருவதற்குக் காசு கேட்கும் காலம் அந்த நவம்பரிலேயே முடிந்துவிட்டது. கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் போனிலேயே இலவசமாக ஏஐ இருக்கிறது.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் செயலியைக் காட்டியது முதலாளிகளிடம். கடை போனைக் கையில் வைத்து ஸ்டேட்டஸ் போடுவதும், குரூப்பில் பதில் சொல்வதும் பெரும்பாலும் வேறொருவர். "பிரமாதம்" என்றவர் ஒருவர், இரண்டு வாரத்தில் திறப்பதை நிறுத்தியவர் இன்னொருவர். அடுத்த முறை அவரோடு உட்காருங்கள்.

கடைக்காரர்களால் தாங்களாகவே செய்ய முடியாத வேலை எது என்று தேடினால் எனக்கு முதலில் தோன்றுவது மற்ற மொழிகள். தமிழில் நான்கு வரி எழுத அவர்களுக்கு நீங்கள் தேவையில்லை. ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் கேரளாவிலும் இருக்கும் ரீசெல்லர்களுக்கு இன்று அரைகுறை ஆங்கிலத்தில்தான் செய்தி போகிறது. ஒரே விவரச் சீட்டிலிருந்து தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் செய்தி வருமானால் அதற்குக் காசு கொடுப்பார்கள். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழிக்கார ரீசெல்லர் ஒருவரை வைத்து முதல் ஐம்பது செய்திகளையாவது திருத்தி வாங்குங்கள். தெலுங்கில் சேலைக்கடைப் பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மொத்தமாக அனுப்பும் வசதியை இப்போது சேர்க்க வேண்டாம். அதிகாரப்பூர்வ வாட்ஸ்அப் பிசினஸ் வழியில் விளம்பரச் செய்திக்கு அதன் வாசக வடிவத்துக்கு (டெம்ப்ளேட்) முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் கணக்குப் போட்டுக் கட்டணம். அதைத் தவிர்க்கத் திருட்டுத்தனமான பல்க் அனுப்பும் மென்பொருளைக் கடைக்காரர்களே உங்களுக்குக் காட்டுவார்கள். அதில் நம்பர் தடையானால் பல வருடமாகச் சேர்த்த ரீசெல்லர் தொடர்பு ஒரே நாளில் போய்விடும். எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் டெம்ப்ளேட்டையும் பதிவு செய்தாக வேண்டும். எழுதிக் கொடுங்கள், காப்பி பட்டன் வையுங்கள், அனுப்புவது அவர்கள் பாடு. வாடிக்கையாளர் போன் நம்பர் எதுவும் உங்கள் சர்வருக்கு வராமல் இருந்தால், 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய பாதிக் கவலை தானாகக் குறையும்.

கூகுள் ரிவியூ எழுதித் தருவது கூடவே கூடாது. வாங்காதவர் பெயரில் பாராட்டு எழுதுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. இணைய விமர்சனங்களுக்காக 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000 என்ற தரத்தையே கொண்டுவந்திருக்கிறது. கேட்டவரிடம் வேறொன்றைக் கொடுங்கள்: வந்திருக்கும் நிஜ ரிவியூக்களுக்குப் பதில் எழுதித் தரும் வசதி. "சாயம் போச்சு" என்று ஒருவர் ஒரு ஸ்டார் போட்டிருந்தால் அதற்குப் பணிவான, உபயோகமான பதிலை எழுத நிறையப் பேருக்குக் கை வருவதில்லை. கோபத்தில் எழுதி, இன்னும் நான்கு பேர் படிக்கும்படி செய்துவிடுகிறார்கள்.

கட்டணம். மாதச் சந்தா இந்த வியாபாரத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, தை முகூர்த்தம் என்று சரக்கு அலை அலையாக வரும். இடையில் வேலை இருக்காது. சும்மா இருந்த மாதத்துக்கு எதற்குக் காசு என்று கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை. பீஸ் கணக்கில் யோசிக்கிறவர்களுக்கு டிசைன் கணக்கில் விலை சொல்லுங்கள்: ஒரு டிசைன், நான்கு மொழி, இவ்வளவு என்று. நூறு டிசைனுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, தீரும்வரை பயன்படுத்தலாம் என்று விடுங்கள். தமிழ் மட்டும் இலவசமாகவே இருக்கட்டும். தொகை எவ்வளவு என்பதை ஐந்து கடைகளில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அப்பா கடையை அந்த ஐந்தில் சேர்க்காதீர்கள். அவர் எவ்வளவு சொன்னாலும் கொடுத்துவிடுவார்.